வெல்டரின் ஒற்றைக் காதும் ‘துருப்பிடித்த ஞாயிறு’ம்

இந்த ஊரில் சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் என் கைவேலையைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள். டாக்டர்கள் பல்லைப் பிடுங்குவதோடு சரி. அந்த இடத்தில் வந்து உட்காரும் பல்லைச் செய்து கொடுத்தது நான். பல் செட் செய்யும் லேபில் ஆயுசில் பாதியைப் போக்கினேன். ரிட்டயரான அன்று ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து, “இனிமே வீட்ல நிம்மதியா உட்கார்ந்து பாட்டு கேளுங்கக்கா” என்று அனுப்பி வைத்தார்கள். அவர்கள் நினைத்த பாட்டு வேறு. நான் கேட்கப் போன பாட்டு வேறு.

லேபில் பாலிஷ் மோட்டார் ஓடும்போது இடி விழுந்தாலும் காதில் விழாது. ரேடியோவில் மெல்லிசை போட்டால் வாய் மட்டும் அசைகிற மாதிரி இருக்கும். அந்த மோட்டாரோடு மல்லுக்கட்டி ஜெயித்தது ஒரே ஒரு வகைப் பாட்டுதான்: ஆல்டர்நேட்டிவ் ராக். அது என்ன சங்கதி என்று கேட்பவர்களுக்கு நான் இப்படித்தான் விளக்கம் சொல்வேன். சாதாரண ராக் பாடகன் மேடைக்கு வருமுன் தலைவாரிக்கொள்வான். இவன் வாரியிருந்தால் கலைத்துவிட்டு வருவான்.

என் கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவர் வெல்டர். கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் இரும்பை ஒட்டி ஒட்டியே கிழவரானவர். கிரைண்டர் சத்தத்தில் இடது காது முழுசாகப் போய்விட்டது. “கிடார்ல கரகரன்னு ஒரு சத்தம் வைக்கிறான் பாருங்க, அது எங்க கிரைண்டர்தான். ராகம் மட்டும் சேர்த்திருக்கான்” என்பார். இன்னொருத்தி டிரைவரம்மா. டவுன் பஸ் ஓட்டியவள். அவள் ஹாரன் அடித்தால் சிக்னலே பயந்து பச்சைக்கு மாறும் என்று ஊரில் பேச்சு. பேச்சைக் கிளப்பிவிட்டது நான்தான், ஆனால் பேச்சு பேச்சுதானே. அவர்கள் இருவருக்கும் நான் பல்லக்கா.

சனிக்கிழமை காலையில் வெல்டர் வீட்டுப் பின்பக்கத்து ஷெட்டில் கூடுவோம். ஆளுக்கு ஒரு வாரம், ஆளுக்கு ஒரு ஆல்பம். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை முழுசாகக் கேட்க வேண்டும். நடுவில் தாண்டக் கூடாது. ரெக்கார்டு சுற்றும்போது வாயைத் திறந்தவர் அன்றைக்கு எல்லோருடைய டீக் கப்பையும் கழுவ வேண்டும். பேசக் கூடாது என்றுதான் சட்டம், கையாட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே? பட்டறையிலும் லேபிலும் இரைச்சலுக்கு நடுவே கையால் பேசிப் பழகியவர்கள் நாங்கள். காது மடலை இழுத்தால் பாடகனுக்குச் சுதி இறங்கிவிட்டது என்று அர்த்தம். விரலால் காற்றில் வட்டம் போட்டால் இன்னொரு தடவை போடு. டிரைவரம்மா ஸ்டியரிங்கை ஒடிப்பது மாதிரி கையைச் சுழற்றினால், இந்தப் பாட்டு உருட்டுகிறது, ஓவர்டேக் பண்ணிப் போயிடலாம்.

போனில் பாட்டு கேட்பதை மூவரும் சத்தியம் செய்து விட்டுவிட்டோம். பல் செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு ஆப்பிள் கடிப்பது மாதிரி அது. ஷெட்டில் இருப்பது நிஜமான ரெக்கார்டு பிளேயர். வாங்கும்போதே நோஞ்சான், பெல்ட் வழுக்கி வழுக்கி நின்றது. கடையில் அந்த மாடலுக்கு ஸ்பேர் இல்லை என்று கையை விரித்தார்கள். வெல்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பித்தளையில் ஒரு சின்ன வளையத்தைக் கடைந்து மோட்டார் தண்டில் மாட்டினார். பெல்ட் கப்பென்று பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அது பந்தயக் குதிரை. லேப் ரேடியோவில் கேட்டதை விட இங்கே எல்லாப் பாட்டும் துள்ளுகிறதே என்று எனக்கு அப்போதே தோன்றியதுண்டு. ரிட்டயரான சந்தோஷம்தான் அப்படிக் கேட்கிறது என்று விட்டுவிட்டேன்.

எங்கள் மூவருக்கும் உயிர் ‘துருப்பிடித்த ஞாயிறு’ என்ற குழு. பெயரைக் கேட்டதும் வெல்டருக்கு முதலில் ஆகவில்லை. “துரு பிடிக்க விட்டது எவன் தப்பு? பெயின்ட் அடிக்கணும்ல?” என்று எகிறினார். ‘கதவைச் சாத்தாதே’ என்ற அவர்களுடைய ஆல்பத்தை நான் போட்டுக் காட்டியதும் அடங்கினார். அதில் கடைசிப் பாட்டு ‘பழைய சாவி’. வெறும் டிரம்மில் ஆரம்பிக்கும். அது வரும்போது நல்ல காதை ஸ்பீக்கர் பெட்டிக்குக் கொடுத்து, பெட்டி மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். அந்த ரெக்கார்டை நாங்கள் லட்சம் தடவை கேட்டிருப்போம். சரி, நூறு.

ஆல்பம் முடிந்து அடிதடி விமர்சனமும் முடிந்ததும், இனி வரப்போகும் கச்சேரிகளை டிரைவரம்மா போனைப் பார்த்து வாசிப்பாள். அன்றைக்கும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள்.

“அடுத்த வாரம் ‘மூணாவது மாடி’. ஒரு ஆளு, ஒரு கிடார், ஒரே அழுகை.”

“தள்ளு,” என்றேன்.

“அப்புறம் ‘ஈரத் தீக்குச்சி’.”

“அவங்க புது ஆல்பத்துல வயலினைச் சேர்த்துட்டாங்க. அவங்களோட எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது,” என்றார் வெல்டர்.

டிரைவரம்மா அடுத்த வரியைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். “அண்ணே... ‘துருப்பிடித்த ஞாயிறு’. நம்ம ஊர்லதான். அந்தப் பழைய சினிமா தியேட்டர்ல. இதோட குழுவைக் கலைக்கிறாங்களாம். கடைசிச் சுற்று.”

ஷெட்டில் ஈ பறந்தால் கேட்கும். வெல்டருக்குக் கேட்காது, அது வேறு. அவருடைய வலது காதும் ஒரு மாதமாகத் தகராறு. டாக்டர் காதைச் சோதித்து ஒரு வரைபடம் காட்டினாராம். கோடு மாடிப்படி மாதிரி இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

வெல்டர் கப்பைக் கீழே வைத்தார். “நான் போறேன்.”

டிக்கெட் கவுன்ட்டரில் இருந்தவர் எங்கள் மூன்று நரைத்த தலையையும் பார்த்து இளித்தார். “பேரனுக்கா?”

“இல்ல தம்பி, எங்க அம்மாவுக்கு,” என்றாள் டிரைவரம்மா.

விஷயம் வெல்டரின் மகளுக்குப் போய்விட்டது. அவள் ஒரு பெரிய தொழிற்சாலையில் பாதுகாப்பு ஆபீசர். ஹெல்மெட் போடாமல் எவனாவது உள்ளே நுழைந்தால் அவனுக்கு அன்றைக்குப் பொழுது விடிந்திருக்கவே வேண்டாம். அவள் வீட்டுப் பாத்ரூமில் கூட அவசர வழி போர்டு மாட்டியிருப்பாள் என்பது என் அனுமானம். அடுத்த சனிக்கிழமை ஷெட்டில் வந்து நின்றாள்.

“அப்பா, இது என்ன டிக்கெட்?”

“தியேட்டர் டிக்கெட்.”

“சினிமாவா?”

“தியேட்டர்னுதானே சொன்னேன்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “அத்தை, நீங்களும் இதுக்குக் கூட்டா?”

“கூட்டு இல்லம்மா. தலைவி.”

“விளையாடாதீங்க அத்தை. அங்க என்ன சத்தம் வரும்னு தெரியுமா உங்களுக்கு? எங்க பாய்லர் ரூம்லயே நான் யாரையும் அரை மணிக்கு மேல நிக்க விடமாட்டேன். இருக்கிறது ஒரே ஒரு காது. அதையும் அந்தக் கூச்சல்ல கொட்டிட்டு வரப் போறீங்களாப்பா?”

வெல்டர் எழுந்து நின்றார். அவர் குரல் எப்போதும் பெரிசு, காது கேட்காதவர்கள் குரல். அன்றைக்குத் தாழ்ந்திருந்தது.

“ஒரு காதைச் சம்பளத்துக்குக் கொடுத்தேன். யாரும் தடுக்கல. கைதட்டி அனுப்பி வச்சாங்க. மிச்சமிருக்கிற ஒண்ணை என் இஷ்டத்துக்குச் செலவு பண்ணினா மட்டும் தப்பா?”

“அந்தக் காதுக்காகத்தாம்பா நான் இந்த வேலைக்கே வந்தேன்,” என்றாள் மகள். கண் கலங்கிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் ஷெட்டில் இருந்த தீயணைப்பு சிலிண்டரின் தேதியைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். எனக்கோ யார் பக்கம் பேசுவதென்று தெரியாத நேரத்தில் கை பரபரக்கும். காது என்பது என்ன? ஒரு குழி. குழிக்கு அச்சு எடுப்பதுதானே நான் சாப்பிட்ட சோறு?

“காதை அடைச்சுக்கிட்டுப் போனா விடுவியா?” என்றேன்.

“பஞ்செல்லாம் பத்தாது அத்தை.”

“பஞ்சு வைக்க நான் என்ன கட்டு போடுறவளா? அச்சு எடுத்து அடைப்பான் செய்வேன். அவர் காதுக்குன்னே. காத்து நுழையாது.”

மறுநாளே ஷெட்டில் கடையைப் பரப்பினேன். ஈறுக்கு அச்சு எடுக்கிற மாவு இரண்டு நிறத்தில் வரும். இரண்டையும் சேர்த்துப் பிசைந்தால் கொஞ்ச நேரத்தில் ரப்பராக இறுகிவிடும். மாவு ஆழமாகப் போகாமல் இருக்க முதலில் காதுக்குள் நூல் கட்டிய பஞ்சு. அதன் மேல் மாவை வைத்துக் கட்டை விரலால் அழுத்தினேன். அழுத்தியதும், கைப்பழக்கம் பாருங்கள், “ம், கடிங்க” என்று சொல்லிவிட்டேன்.

வெல்டர் கடித்தார்.

“எதைக் கடிக்கிறீங்கண்ணே?” என்றாள் டிரைவரம்மா.

“தெரியல. பல்லக்கா சொன்னாங்க, கடிச்சேன்.”

காது நன்றாக இருக்கிற எனக்கும் டிரைவரம்மாவுக்கும் கூட, பேச்சு கேட்கிற அளவுக்கு நடுவில் துளை விட்டு, ஆளுக்கு ஒரு ஜோடி செய்தேன். மகள் சோதனை போட வந்தாள். அப்பாவை உட்கார வைத்து, அடைப்பானை மாட்டி, பின்னால் நின்று, தொழிற்சாலையிலிருந்து கொண்டு வந்த அபாயச் சங்கை முழுக்க அழுத்தினாள். இரண்டு தெரு தள்ளி ஆட்கள் வீட்டை விட்டு வெளியே ஓடி வந்தார்கள். வெல்டர் பேப்பரில் ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

“சரி,” என்றாள் மகள். “ஆனா மாடி சீட்டு. கடைசி வரிசை. நானும் கூட வருவேன்.”

வெல்டர் தலையாட்டினார். அவள் போனதும் என்னிடம் வந்தார். “பல்லக்கா, இதை மாட்டினா அவ பயம் தீர்ந்துடுச்சு. ஆனா இவ்வளவு அடைச்சா, அங்க எனக்கு ஏதாவது கேட்குமா?”

எனக்குத் தெரியவில்லை. அவருக்குப் பொய்ப் பல் செய்து கொடுத்திருக்கிறேனே தவிர, பொய் சொன்னதில்லை. “போய்ப் பார்ப்போம்” என்றேன்.

கச்சேரி சாயங்காலம் ஆரம்பம். மாடியில் கடைசி வரிசையில் நாலு பேரும் வரிசையாக, தடுப்பூசிக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம். முதலில் ஏதோ சின்னக் குழு பாடியது. கீழே தரையில் நாற்காலி கிடையாது, எல்லாரும் நின்றுகொண்டு ஆடினார்கள். வெல்டர் நல்ல காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு காது மடலை இழுத்துக் காட்டவில்லை, வட்டம் போடவில்லை. இரண்டு கையையும் விரித்தார். ஒன்றுமில்லை. அடைப்பானுக்குப் பின்னால் அவருக்கு ஒரு கொசு பாடுகிற அளவுக்குக் கூட எட்டவில்லை.

அவர் முகத்தை மகளும் பார்த்தாள். பிறகு அவளால் தாங்க முடியாத ஒரு சந்தேகம் வந்துவிட்டது. “அந்த அவசர வழிக் கதவு பூட்டியிருக்கான்னு மட்டும் பார்த்துட்டு வந்துடறேன்,” என்று எழுந்து போனாள்.

வெல்டர் விரலால் தரையைக் காட்டினார். கீழே. டிரைவரம்மா ஸ்டியரிங்கை ஒடித்தாள். எழுந்துவிட்டோம்.

படிக்கட்டு முடிவில் ஒரு காவலாளி. பீரோவுக்கு மீசை வைத்தது போல நின்றார். “பெரியவங்களுக்கெல்லாம் மாடி. கீழ நிக்கிறவங்க மட்டும்தான்.”

“எங்களுக்கு நிக்கத் தெரியும். சின்ன வயசுலயே கத்துக்கிட்டோம்,” என்றேன்.

“தள்ளு முள்ளா இருக்கும்மா. விழுந்து வச்சா யாரு பதில் சொல்றது? போங்க, மேல போங்க!”

கத்தினார் பாருங்கள், அப்போது வாய் நன்றாகத் திறந்தது. மேல்வரிசையில் முன்பல் நாலு. அதில் இரண்டாவது ஒரு நூல் அளவு சாய்ந்திருந்தது. எல்லாப் பல்லையும் நேராக அடுக்கினால் பொய்ப்பல் என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஒன்றை மட்டும் சாய்த்து வைப்பது என் வழக்கம்.

“அந்த நாலு பல்லுல ஆப்பிள் கடிக்க முடியுதா?” என்று கேட்டேன்.

அவர் பட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கைக்குப் பின்னாலிருந்து, “எந்த நாலு?” என்றார்.

“நான் செஞ்ச நாலு. மெஷின்ல அடிபட்டு உடைஞ்ச கேஸ். உன் முகம் ஞாபகம் இல்ல, வாய் ஞாபகம் இருக்கு.”

மீசை மெதுவாக விரிந்தது. “கடிக்கலாங்க. கரும்பே கடிக்கிறேன்.” சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். “ஓரமாப் போங்க. கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க.”

ஓரமாகப் போகவா வந்தோம்? டிரைவரம்மா முன்னால் போனாள். காலை நேரக் கூட்டத்தில் டவுன் பஸ்ஸைக் கொண்டு போனவளுக்கு மனுஷக் கூட்டம் எம்மாத்திரம். இரண்டு முழங்கை, ஒரு “ஹோல்டான்”. மேடைக்கு முன்னால் இருக்கும் இரும்புத் தடுப்பு வரை கொண்டு போய்ச் சேர்த்துவிட்டாள்.

வெல்டர் தடுப்பைத் தடவிப் பார்த்தார். முகம் கோணியது. “எவன் வச்ச வெல்டு இது? காக்கா எச்சம் மாதிரி இருக்கு!” என்று அத்தனை பேருக்கும் கேட்க அறிவித்தார். பிறகு இரண்டு உள்ளங்கையையும் கம்பி மேல் வைத்தார். அப்படியே நின்றார். ஒலிபெருக்கியின் அதிர்வு தரை வழியாக ஏறி, கம்பி வழியாக அவர் கைக்கு வந்துகொண்டிருந்தது. “பல்லக்கா, இரும்பு பேசுது,” என்றார்.

விளக்கு அணைந்தது. ‘துருப்பிடித்த ஞாயிறு’ மேடைக்கு வந்தார்கள். பாடகருக்கும் நரைத்திருந்தது, தொப்பை வேறு. எனக்கு ஒரே பெருமை. முதல் பாட்டு ஆரம்பித்தது.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாட்டு நொண்டியது. எங்களுக்கு அடிமுதல் நுனிவரை தெரிந்த பாட்டு. ‘கதவைச்’ என்று நான் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்த பிறகுதான் அந்த மனுஷர் ‘கதவைச்’ என்கிறார். குரலோ ஒரு படி கீழே இறங்கிக் கிடந்தது. இரண்டாவது பாட்டும் அப்படியே. டிரைவரம்மா காது மடலை இழுத்தாள். நான் இரண்டு மடலையும் இழுத்தேன். பாவம், வயசாகிவிட்டது இவர்களுக்கு. உலகம் எங்களைப் பார்த்துச் சொல்வதை எல்லாம் நாங்கள் அவர்களைப் பார்த்து, கையாலேயே சொல்லித் தீர்த்தோம்.

வெல்டர் கையை அசைக்கவில்லை. அவருடைய உள்ளங்கைக்கும் தெரிந்துவிட்டது. மூன்றாவது பாட்டின் பாதியில் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டார். “இதுக்கா?” என்றார். மகளோடு சண்டை போட்டு, மிச்சக் காதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தது, இந்தத் தளர்ந்துபோன பாட்டுக்கா? படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் டிரைவரம்மா எங்கள் பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணைக் கவனித்தாள். தலைமுடியில் பாதி பச்சை. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வார்த்தை தடுக்காமல், மேடையில் பாடுகிற அதே வேகத்தில் பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவனும் அப்படியே. தியேட்டர் மொத்தமும் அப்படியே. பாட்டு பிந்தியதாக நினைத்தது இந்த உலகத்தில் நாங்கள் மூன்று பேர் மட்டும்தான்.

டிரைவரம்மா வெல்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஸ்பீடோமீட்டர் முள்ளைப் போல ஒரு விரலைத் தூக்கி ஆட்டினாள். தப்பு என்று தலையை அசைத்தாள். அவர் விழித்தார். அவள் காற்றில் ரெக்கார்டைச் சுற்றினாள், வேகமாக, இன்னும் வேகமாக. பிறகு கட்டை விரலையும் சுட்டு விரலையும் சேர்த்து ஒரு சின்ன வளையம் செய்து, அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

வெல்டர் அந்த வளையத்தையே பார்த்தார். அவர் முகத்தில் முதலில் வெட்கம் ஏறியது. அவர் கடைந்ததில் ஒரு முடி அளவு பருமன் கூடியிருக்கிறது. ஸ்பீடு கூடியிருக்கிறது. இத்தனை வருஷம், அத்தனை ஆல்பமும், ஒன்று பாக்கியில்லாமல் தப்பான வேகத்தில் கேட்டிருக்கிறோம். அப்புறம் வெட்கம் இறங்கியது. அது இறங்கின இடத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது. அந்தச் சிரிப்பில் அவருக்கு நான் செய்த பல் இருபத்தெட்டும் தெரிந்தது.

“தப்புன்னு யாரு சொன்னது?” என்று கத்தினார். திரும்பி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

ஒவ்வொரு பாட்டாக ஓடி முடிந்து, பாடகர் கடைசிப் பாட்டு என்றார். மேடையில் டிரம் மட்டும் ஆரம்பித்தது. ‘பழைய சாவி’. கூட்டம் அதற்கு ஏற்றபடி கை தட்டியது. வெல்டர் தட்டவில்லை. முஷ்டியை மடக்கி இரும்புத் தடுப்பில் ஓங்கிக் குத்தினார். எங்கள் ஷெட்டின் வேகத்தில். காக்கா எச்சம் மாதிரி வெல்டு வைத்ததால் அந்தத் தடுப்பு முழுக்க லொடலொடவென்று ஆடியது. அந்தச் சத்தத்தில் கோயில் மணி தோற்றது. நானும் குத்தினேன். டிரைவரம்மா தண்ணீர் பாட்டிலால் குத்தினாள். பச்சைத் தலைப் பெண் கண்ணைத் திறந்து எங்களை முறைத்தாள்.

“பாட்டி, வேகமா அடிக்கிறீங்க!”

“தெரியும்! உனக்குத் தைரியம் இருந்தா நீயும் அடி!”

அவள் ஒரு நொடி யோசித்தாள். பிறகு கம்பியில் இரண்டு கையாலும் விழுந்தாள். அவளைப் பார்த்து அவளுக்கு அடுத்தவன். முன்வரிசை மொத்தமும் இரும்பை அடித்தது. மேடையில் டிரம்காரர் தலையைத் தூக்கினார். யார் செய்கிற அராஜகம் இது என்று தேடினார். மூன்று நரைத்த தலையைப் பார்த்தார். ஒரு விநாடி குச்சி தயங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். வேகத்தைக் கூட்டினார்.

பாடகர் திடுக்கிட்டுத் திரும்பி அவரை முறைத்தார். முறைத்து என்ன பயன்? டிரம் போய்விட்டது, கிடாரும் பின்னாலேயே ஓடிவிட்டது. தொப்பையைத் தூக்கிக்கொண்டு அவரும் ஓடினார். குரல் ஒரு படி மேலே எகிறியது. தியேட்டர் கூரை ஒரு சாண் மேலே எழும்பி மறுபடி உட்கார்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன், யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி. பாட்டு எங்கள் வேகத்துக்கு வந்துவிட்டது. வெல்டர் கம்பி மேல் மார்பைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார். ஸ்பீக்கர் பெட்டி மேல் கை வைக்கும்போது வருகிற அதே முகம். கேட்டுவிட்டது அவருக்கு. காதா, கையா, நெஞ்செலும்பா, எது வழியாக என்று எனக்குத் தெரியாது.

“அப்பா!”

மாடியெல்லாம் எங்களைத் தேடிவிட்டு, மகள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்துவிட்டாள். எத்தனை அவசர வழியைத் தாண்டி வந்தாளோ, மூச்சு இரைத்தது. நான் தோளைத் தட்டியதும் வெல்டர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். மெதுவாகக் கையைத் தூக்கினார். காதிலிருந்து அடைப்பானைப் பிடுங்கினார். கொடி பிடிக்கிற மாதிரி தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

அவள் போட்ட அலறல் ஒலிபெருக்கியையும் தாண்டிக் கேட்டது. பாய்ந்து வந்து அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். பார்த்தாள். பிடுங்கியது இடது காதிலிருந்து, செத்த காதிலிருந்து. வலது காதில் என் அடைப்பான் அசையாமல் இருந்தது.

“ப்பா! உன்னை...!” என்று அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அவள் அப்பாவை ஒருமையில் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். அடித்த கையை அப்படியே நகர்த்தி, அடைப்பானுக்கு மேலே, அவருடைய வலது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். பாட்டு முடியும் வரை எடுக்கவில்லை. இன்னொரு கை சும்மா இருக்கும் என்று நினைத்தீர்களா? அது கம்பியில் தாளம் போட்டது. எங்கள் வேகத்தில்.

கச்சேரிக்குப் பிறகு டாக்டர் மறுபடியும் சோதித்துப் பார்த்தார். மாடிப்படிக் கோடு அதே படியில்தான் நின்றிருந்ததாம். “அப்போ செலவு பண்ண இன்னும் மிச்சம் இருக்கு” என்று வெல்டர் சொல்ல, டாக்டருக்குப் புரியவில்லை. மகளுக்குப் புரிந்தது.

அடுத்த சனிக்கிழமை அவளும் ஷெட்டுக்கு வந்தாள், கையில் வேகம் அளக்கும் ஏதோ கருவியோடு. வளையத்தைக் கழற்றச் சொன்னாள். வெல்டர் மறுபேச்சில்லாமல் கழற்றி, மெல்லிசாக வேறொன்று கடைந்து மாட்டினார். ‘கதவைச் சாத்தாதே’ முழுக்க, சரியான வேகத்தில் கேட்டோம். நன்றாகத்தான் இருந்தது. சில இடத்தில் நாங்கள் இதுவரை கேட்டே இராத மூச்சுச் சத்தம் கூடக் கேட்டது.

ரெக்கார்டு நின்றதும் வெல்டர் எழுந்தார். “நல்லா இருக்கு. அவங்க செஞ்ச ஆல்பம் அது. மரியாதையாக் கேட்டாச்சு.” மெல்லிய வளையத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். பழைய பித்தளையை எடுத்து மாட்டினார். “இது நம்ம ஆல்பம்.”

“ஆனா அது தப்பான ஸ்பீடுப்பா,” என்றாள் மகள், ஊசி ரெக்கார்டைத் தொட்ட பிறகு.

மூவரும் பேசாமல் கப்புகளை அவள் பக்கம் தள்ளினோம்.

அவள் கழுவி முடித்து வரும்போது டிரைவரம்மா போனை வாசித்துக்கொண்டிருந்தாள். “அடுத்த மாசம் ‘ஈரத் தீக்குச்சி’. வயலின் ஆளைத் தூக்கிட்டாங்களாம் அண்ணே.”

“உட்கார்ற இடமா, நிக்கிற இடமா?”

“நிக்கிற இடம்.”

“நாலு டிக்கெட்,” என்றார் வெல்டர்.

மகள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்து, முடியை ஒதுக்கி, காதைக் காட்டினாள். “எனக்கும் ஒரு ஜோடி செஞ்சிடுங்க அத்தை.”

மாவைப் பிசைந்தேன். பஞ்சை வைத்து, மாவை வைத்து, கட்டை விரலால் அழுத்தினேன்.

“ம், கடி,” என்றேன்.

கடித்தாள்.